குழந்தைகளின் குடல் செருகல்: அறுவையின்றிக் குணப்படுத்தும் வாய்ப்பும் அதனைக் குறைக்கும் தாமதமும்

நன்றாக விளையாடிக்கொண்டிருந்த ஆறு மாதக் குழந்தை திடீரென்று கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுகிறது. சில நிமிடங்களில் அழுகை தானாகவே அடங்குகிறது. கால் மணி நேரம் கழித்து மீண்டும் அதே அழுகை தொடங்குகிறது. இடையில் குழந்தை சோர்ந்து படுத்திருக்கிறது. குடித்த பாலை வாந்தி எடுக்கிறது. இவ்வாறு விட்டுவிட்டு வரும் வலி, ‘குடல் செருகல்’ எனப்படும் குடல் அடைப்பின் தொடக்கமாக இருக்கக்கூடும்.

குடல் செருகல் அரிதாகவே ஏற்படுகிறது. எனினும், மூன்று மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்குக் குடல் அடைப்பு ஏற்பட முதன்மையான காரணங்களுள் இதுவும் ஒன்றாகும். இந்நோயைப் பற்றிப் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை எழுப்புகின்றனர். முதலாவது, வயிற்றைக் கிழித்து அறுவை செய்தே ஆக வேண்டுமா என்பது. இரண்டாவது, குழந்தைக்குக் கொடுத்த ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தினால் இந்நோய் வந்ததா என்பது. இவ்விரு கேள்விகளுக்கும் இன்றைய மருத்துவச் சான்றுகள் தரும் விடைகளை இப்பக்கம் விளக்குகிறது.

சுருக்கமான விடை இதுதான்: உரிய நேரத்தில் உரிய மருத்துவமனையை அடையும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அறுவை தேவைப்படுவதில்லை. அந்த ‘உரிய நேரம்’ எங்கெங்கே வீணாகிறது என்பதை அறிந்துகொள்வதே பெற்றோர் தம் குழந்தைக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவியாகும்.

குடல் செருகல் என்றால் என்ன?

மடக்குக் குடையைச் சுருக்கும்போது அதன் தண்டின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் நுழைந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போலவே, குடலின் ஒரு பகுதி அதற்கு அடுத்துள்ள பகுதியின் உட்குழாய்க்குள் நுழைந்து சிக்கிக்கொள்வதே குடல் செருகல் ஆகும். மருத்துவமனை ஆவணங்களில் இது ‘இன்டஸ்ஸசெப்ஷன்’ என்று குறிக்கப்படும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் நுழைகிறது.

குடல் உள்ளே நுழையும்போது, அதற்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களும் உடன் இழுக்கப்பட்டு நெரிக்கப்படுகின்றன. முதலில் இரத்தம் வெளியேறுவது தடைபட்டுக் குடல் வீங்குகிறது. பின்னர் உட்பூச்சிலிருந்து இரத்தமும் சளியும் கசிகின்றன. மேலும் நேரம் கடந்தால், குடலுக்குச் செல்லும் இரத்தமும் நின்று அப்பகுதி அழுகத் தொடங்கும். குடலில் ஓட்டை விழவும் கூடும். ஆகவே, நோய் தொடங்கிய நேரத்திலிருந்து கழியும் ஒவ்வொரு மணி நேரமும் சிகிச்சையின் போக்கை மாற்றக்கூடியதாகும்.

பத்தில் ஏறத்தாழ ஒன்பது குழந்தைகளுக்குக் குறிப்பிட்ட காரணம் எதுவும் கண்டறியப்படுவதில்லை. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்ற வைரஸ் தொற்றுக்குப் பின் குடல் சுவரில் உள்ள நிணநீர்த் திசுக்கள் வீங்குவதும், வீங்கிய இடத்தைப் பற்றிக் குடல் உள்ளிழுக்கப்படுவதும் இதற்கு வழிவகுப்பதாகக் கருதப்படுகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இது சற்று அதிகமாகக் காணப்படுகிறது. தாய் உண்ட உணவோ, குழந்தையைத் தூக்கிய விதமோ, குழந்தை விழுந்ததோ இதற்குக் காரணம் அன்று. பெற்றோர் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

வயதில் மூத்த குழந்தைகளுக்கு ஏற்படும்போது மட்டும், குடலில் பிறவியிலேயே அமைந்த பைபோன்ற புடைப்பு, சதை வளர்ச்சி, நிணநீர்க் கட்டி போன்ற வேறொரு காரணம் மறைந்திருக்க வாய்ப்பு கூடுதலாக உள்ளது. அக்குழந்தைகளுக்குக் கூடுதல் பரிசோதனைகள் செய்யப்படும்.

அறிகுறிகள்

• விட்டுவிட்டு வரும் கடுமையான வயிற்றுவலி. குழந்தை கால்களை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுதல். இடையில் அமைதியாக இருத்தல்.
• வாந்தி. முதலில் பாலாகவும், பின்னர் பச்சை அல்லது மஞ்சள் நிறப் பித்தமாகவும் வெளிப்படுதல்.
• மலத்தில் இரத்தமும் சளியும் கலந்து, சிவந்த கூழ்போல வெளியேறுதல்.
• வழக்கத்துக்கு மாறான சோர்வு, கண் திறக்காமை, பால் குடிக்க மறுத்தல், வெளிறிப்போதல்.
• வயிற்றில் உருண்டையாகக் கட்டி தட்டுப்படுதல், வயிறு உப்புதல்.

இவை அனைத்தும் ஒரே குழந்தையிடம் காணப்பட வேண்டும் என்பதில்லை. வலி, வாந்தி, இரத்தம் கலந்த மலம் ஆகிய மூன்றும் சேர்ந்து தோன்றுவது பாதிக்கும் குறைவான குழந்தைகளிடமே. குறிப்பாக, இரத்தம் கலந்த மலம் தாமதமாகத் தோன்றும் அறிகுறியாகும். அது தோன்றும்வரை காத்திருப்பது தவறு. சில கைக்குழந்தைகளிடம் அழுகையே இல்லாமல், காரணம் புரியாத அளவுக்கு அதிகமான சோர்வு மட்டுமே காணப்படும்.

நேரம் எங்கே வீணாகிறது?

இந்நோயில் தாமதம் பெரும்பாலும் அலட்சியத்தால் ஏற்படுவதில்லை. அறிகுறிகள் வேறொன்றாகப் புரிந்துகொள்ளப்படுவதால் ஏற்படுகிறது.

முதல் தாமதம் வீட்டில் நிகழ்கிறது. குழந்தை வீறிட்டு அழுதால், ‘உரம் விழுந்துவிட்டது’ என்று கருதி உரம் எடுப்பதும், ‘குடலேற்றம்’ என்று எண்ணி வயிற்றில் எண்ணெய் தடவி நீவுவதும், ஓம நீர், வசம்பு, கிரைப் வாட்டர் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்ப்பதும் நம் குடும்பங்களில் வழக்கமாக உள்ளன. வலி இடையிடையே தானாக அடங்குவது இந்நோயின் இயல்பு. எனவே, கைவைத்தியம் செய்த சிறிது நேரத்தில் குழந்தை அமைதியானால், அது பலித்துவிட்டதாகவே தோன்றும். அடுத்த வலி வரும்போது மீண்டும் அதையே செய்வர். இவ்வாறு ஓர் இரவு முழுவதும் கழிந்துவிடுகிறது. வீங்கிய குடலின் மீது வயிற்றை அழுத்தி நீவுவதால் தீங்கு நேரவும் வாய்ப்புண்டு.

இரண்டாவது தாமதம் மருந்துக் கடையிலோ, முதலில் காட்டும் மருத்துவரிடமோ நிகழலாம். மலத்தில் இரத்தமும் சளியும் இருந்தால் சீதபேதி என்றே பலரும் எண்ணுவர். சீதபேதியில் மலம் பல முறை கழியும். பெரும்பாலும் காய்ச்சல் இருக்கும். குடல் செருகலில் குடலில் தங்கியிருந்த மலம் ஓரிரு முறை கழிந்த பின், இரத்தமும் சளியும் மட்டுமே வரும்; விட்டுவிட்டு வரும் வலியும் வாந்தியும் முன்னரே தொடங்கியிருக்கும். இந்த வேறுபாடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. எனவே ஐயம் எழுந்தால் வயிற்று ஸ்கேன் செய்வதே பாதுகாப்பானது. மருத்துவர் பரிந்துரையின்றி வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரைகளைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

மூன்றாவது தாமதம் ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பப்படும்போது ஏற்படுகிறது. அறுவையில்லாச் சிகிச்சை அளிக்க, குழந்தைகளுக்கு ஸ்கேன் செய்து பழகிய கதிரியக்க மருத்துவரும், தேவைப்பட்டால் உடனடியாக அறுவை செய்யக்கூடிய குழந்தைகள் அறுவைச் சிகிச்சை மருத்துவரும், மயக்க மருத்துவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இவ்வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. ஒவ்வொரு படியாக ஏறி மூன்று, நான்கு மருத்துவமனைகளுக்குச் சென்றால் ஒரு நாள் முழுவதும் கழிந்துவிடும். ஆகவே, வசதியில்லாத இடத்தில் காத்திருக்காமல், குழந்தைகள் அறுவைச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு நேரடியாக அனுப்புமாறு கேட்பது பெற்றோரின் உரிமையாகும்.

நோய் எவ்வாறு கண்டறியப்படுகிறது?

வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இந்நோயை ஏறக்குறைய ஐயமின்றிக் கண்டறிய உதவுகிறது. ஒலி அலைகளைக் கொண்டு செய்யப்படும் இப்பரிசோதனையில் கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை. குடலுக்குள் குடல் நுழைந்திருப்பது, ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வளையங்களாகத் திரையில் தெரியும். குடலில் ஓட்டை விழுந்துள்ளதா என்ற ஐயம் இருந்தால் எக்ஸ்ரேயும் எடுக்கப்படும்.

சில நேரங்களில், வேறு காரணத்துக்காக எடுக்கப்பட்ட ஸ்கேன் அறிக்கையில், சிறுகுடலுக்குள் சிறுகுடல் சிறிதளவு நுழைந்திருப்பதாகக் குறிப்பிடப்பட்டிருக்கும். குழந்தைக்குத் தொந்தரவு எதுவும் இல்லையெனில், இத்தகைய குறுகிய செருகல் பெரும்பாலும் தானாகவே விலகிவிடும், சிகிச்சை தேவைப்படாது. அறிக்கையைக் கண்டு அஞ்சாமல் மருத்துவரிடம் விளக்கம் பெற வேண்டும்.

அறுவையில்லாச் சிகிச்சை: என்ன செய்யப்படுகிறது?

சிகிச்சையின் முதற்படி, குழந்தையின் உடல்நிலையைச் சீராக்குவதாகும். வாந்தியினால் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்ய, நரம்பு வழியாகச் சலைன் ஏற்றப்படும். வயிறு உப்பியிருந்தால், மூக்கு வழியாக மெல்லிய குழாய் செலுத்தப்பட்டு இரைப்பையில் தேங்கியுள்ளவை வெளியேற்றப்படும். வலிக்கு மருந்து அளிக்கப்படும். நேரடியாகச் சிகிச்சையைத் தொடங்காமல் ஏன் சலைன் ஏற்றுகிறார்கள் என்று பெற்றோர் பதற்றம் கொள்வதுண்டு. இந்த ஆயத்தம் சிகிச்சையின் இன்றியமையாத பகுதியாகும்.

அடுத்து, ஆசனவாய் வழியாக மென்மையான குழாய் ஒன்று செருகப்பட்டு, அதன் வழியே காற்றோ, சலைன் நீரோ கட்டுப்படுத்தப்பட்ட அழுத்தத்தில் பெருங்குடலுக்குள் செலுத்தப்படும். அந்த அழுத்தம், உள்ளே நுழைந்த குடலை மெல்ல மெல்லப் பின்னோக்கித் தள்ளி, அதன் பழைய இடத்துக்கே கொண்டுசேர்க்கிறது. வயிற்றில் வெட்டு இல்லை, தையல் இல்லை.

இது இரு முறைகளில் செய்யப்படுகிறது.

காற்று முறை: எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே காற்று செலுத்தப்படும். அழுத்தம் பொதுவாக 120 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளப்படும். விரைவாக முடியும், ஆனால் குழந்தைக்குச் சிறிதளவு கதிர்வீச்சு உண்டு.

சலைன் நீர் முறை: அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டே, உடல் வெப்பத்துக்கு ஏற்பச் சூடாக்கிய சலைன் நீர் செலுத்தப்படும். சலைன் பை ஏறத்தாழ மூன்றடி உயரத்தில் தொங்கவிடப்படும்; அந்த உயரமே தேவையான அழுத்தத்தைத் தருகிறது. ஒவ்வொரு முயற்சியும் சில நிமிடங்கள் நீடிக்கும். வழக்கமாக மூன்று முயற்சிகள் வரை மேற்கொள்ளப்படும். இம்முறையில் கதிர்வீச்சே இல்லை.

செருகிய குடல் விடுபட்டதும், செலுத்தப்பட்ட நீரோ காற்றோ சிறுகுடலுக்குள் தடையின்றிப் பாய்வது திரையில் தெரியும். அதுவே சிகிச்சை வெற்றி பெற்றதற்கான அடையாளமாகும். அதுவரை துவண்டு கிடந்த குழந்தை, பெரும்பாலும் சற்று நேரத்திலேயே அமைதியாக உறங்கிவிடும்.

அனுபவமுள்ள மருத்துவமனைகளில், இச்சிகிச்சைக்குத் தகுதியுள்ள 100 குழந்தைகளில் ஏறத்தாழ 80 முதல் 90 பேருக்கு இவ்வாறு குடல் விடுபடுகிறது. முதல் முயற்சியில் குடல் ஓரளவு மட்டுமே விடுபட்டு, குழந்தையின் நிலை சீராக இருந்தால், அரை மணி முதல் சில மணி நேர இடைவெளிக்குப் பின் மீண்டும் முயல்வதும் உண்டு. இந்த இடைவெளியில் வீக்கம் குறைவதால், இரண்டாம் முயற்சியில் பல குழந்தைகள் அறுவையிலிருந்து தப்பிக்கின்றனர்.

இது புதிய சோதனை முறை அன்று

‘எனிமா கொடுத்துக் குடலைச் சரிசெய்ய முடியுமா?’ என்று ஐயுறுவோர் இதன் வரலாற்றை அறிவது நல்லது. டென்மார்க்கைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1876-இல், நீரின் அழுத்தத்தைக் கொண்டு குடல் செருகலைச் சரிசெய்யும் முறையைப் பதிவு செய்தார். அமெரிக்க அறுவை மருத்துவர் மார்க் ராவிட்ச் 1948-இல், எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கரைசலைக் கொண்டு இதனைச் செய்யும் முறையை வலியுறுத்தினார். சீன மருத்துவர்கள் 13 ஆண்டுகளில் 6,396 நேர்வுகளில் காற்று முறையைக் கையாண்ட அனுபவத்தை 1986-இல் வெளியிட்டனர். அதன் பின் அல்ட்ராசவுண்ட் துணையுடன் சலைன் செலுத்தும் முறையும் பரவியது.

இந்த மாற்றங்களில் நம் போன்ற நாடுகளுக்குப் பெரிதும் பொருந்துவது கடைசியாகக் கூறிய முறையாகும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஸ்கேன் கருவி, சலைன் பை, ஒரு குழாய் ஆகியவையே போதும். இவை பெரிய அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் உள்ளவை. பயிற்சி பெற்ற குழுவும், குழந்தை நேரத்தோடு வந்து சேர்வதுமே இச்சிகிச்சையின் வெற்றியைத் தீர்மானிக்கின்றன.

இதில் ஆபத்து உண்டா?

எந்தச் சிகிச்சையும் முற்றிலும் ஆபத்தற்றது அன்று. அழுத்தத்தினால் குடலில் ஓட்டை விழும் வாய்ப்பு, அனுபவமுள்ள இடங்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. ஏற்கெனவே இரத்த ஓட்டம் நின்று நலிந்துபோன குடலிலேயே இது பெரும்பாலும் நேர்கிறது. அவ்வாறு நேர்ந்தால் உடனே அறுவை செய்ய வேண்டியிருக்கும். இதனால்தான் அறுவைக் குழு ஆயத்தமாக உள்ள மருத்துவமனையில் மட்டுமே இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. சிகிச்சைக்கு முன்னரே அறுவைக்கான ஒப்புதல் படிவத்திலும் பெற்றோரிடம் கையொப்பம் கேட்கப்படலாம். இது முன்னெச்சரிக்கையே தவிர, அறுவை செய்ய முடிவெடுத்துவிட்டார்கள் என்று பொருளன்று.

எப்போது அறுவை தேவைப்படுகிறது?

• குடலில் ஓட்டை விழுந்திருந்தால் அல்லது வயிற்றறை முழுவதும் தொற்று பரவியிருந்தால்.
• சலைன் ஏற்றியும் குழந்தையின் இரத்த ஓட்டம் சீரடையாத அதிர்ச்சி நிலையில் இருந்தால்.
• அறுவையில்லா முயற்சிகள் பலனளிக்காவிட்டால்.
• செருகலுக்குக் காரணமான கட்டியோ பிறவிக் குறைபாடோ இருப்பது தெரியவந்தால்.

அறுவையின்போது மருத்துவர் செருகிய குடலைக் கையால் மெல்லப் பின்னோக்கித் தள்ளி விடுவிப்பார். குடல் அழுகியிருந்தால் மட்டுமே அப்பகுதி நீக்கப்பட்டு, எஞ்சிய இரு முனைகளும் இணைக்கப்படும். அறுவை தேவை என்று மருத்துவர் கூறும்போது, ‘எனிமாவிலேயே சரிசெய்யுங்கள்’ என்று வற்புறுத்துவதும், வேறு மருத்துவமனைக்கு மாற்ற முனைவதும் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். அறுவையில்லாச் சிகிச்சை நல்லது என்பது உண்மை. அது பொருந்தாத நிலையில் அறுவையே குழந்தையைக் காக்கும் என்பதும் அதே அளவு உண்மை.

அறிகுறிகள் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் வரும் குழந்தைகளுக்கு வெற்றி வாய்ப்பு அதிகம்; 48 மணி நேரத்தைத் தாண்டும்போது அது குறைகிறது. ஆயினும், தாமதமாக வந்த காரணத்துக்காக மட்டும் இச்சிகிச்சை மறுக்கப்படுவதில்லை. குழந்தையின் அப்போதைய உடல்நிலையைக் கொண்டே முடிவெடுக்கப்படும். ஆகவே, ‘இனிமேல் சென்று என்ன பயன்’ என்று எவரும் எண்ண வேண்டாம்.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் குடல் செருகலும்

இந்த ஐயத்துக்கு ஒரு பின்னணி உண்டு. அமெரிக்காவில் 1998-இல் அறிமுகப்படுத்தப்பட்ட ‘ரோட்டாஷீல்டு’ என்னும் தடுப்பு மருந்து, ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒருவருக்குக் குடல் செருகலை ஏற்படுத்துவதாகத் தெரியவந்ததால், 1999-இல் திரும்பப் பெறப்பட்டது. அந்த மருந்து இந்தியாவில் பயன்பாட்டில் இல்லை. அதன் பின் வந்த ரோட்டா தடுப்பு மருந்துகள், 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் தனித்தனியே சோதிக்கப்பட்ட பின்னரே 2006-இல் சந்தைக்கு வந்தன. இவற்றால் ஏற்படக்கூடிய கூடுதல் அபாயம், வெளிநாட்டு ஆய்வுகளின்படி, ஒரு லட்சம் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று முதல் ஆறு பேருக்கு மட்டுமே.

இந்தியாவில் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 2016 மார்ச் மாதம் நான்கு மாநிலங்களில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2017-இலும், 2019-இல் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது. உள்நாட்டிலேயே தயாரிக்கப்படும் ‘ரோட்டாவேக்’ மருந்து அறிமுகமானபோதே, குடல் செருகலைக் கண்காணிக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. நாட்டின் 27 மருத்துவமனைகளில் 2016 முதல் 2019 வரை குடல் செருகலுடன் சேர்க்கப்பட்ட 970 கைக்குழந்தைகள் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுள் 589 குழந்தைகளின் விவரங்கள் தடுப்பு மருந்துடன் தொடர்புபடுத்தி ஆராயப்பட்டன. மருந்து கொடுத்த முதல் மூன்று வாரங்களில் நோய் கூடுதலாக ஏற்பட்டதா, அல்லது பிற நாட்களில் ஏற்படும் அளவிலேயே இருந்ததா என்பது ஒப்பிடப்பட்டது. கூடுதல் அபாயம் காணப்படவில்லை. இம்முடிவுகள் 2020-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தன.

மிகமிகச் சிறிய அபாயத்தை எந்த ஆய்வும் முற்றாக விலக்கிவிட இயலாது. எனினும் மறுதட்டில் வைக்கவேண்டியதையும் பார்க்க வேண்டும். தடுப்பு மருந்து வருவதற்கு முன், இந்தியாவில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 78,000 குழந்தைகள் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கினால் உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அந்த இழப்போடு ஒப்பிட்டால், தடுப்பு மருந்தின் நன்மையே மிகப் பெரிது.

இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். குடல் செருகல் இயல்பாகவே நான்கு முதல் பத்து மாத வயதில் அதிகம் ஏற்படுகிறது. ரோட்டா சொட்டு மருந்தோ 6, 10, 14 ஆகிய வாரங்களில் கொடுக்கப்படுகிறது. மருந்து கொடுத்துச் சில மாதங்கள் கழித்து நோய் வந்தால், மருந்தே காரணம் என்று கொள்ள இடமில்லை. சொட்டு மருந்தை நாள் தவறாமல் உரிய வாரத்தில் கொடுப்பது, நோய் இயல்பாகக் குறைவாக உள்ள வயதிலேயே அனைத்துத் தவணைகளையும் முடிக்க உதவும்.

மருந்து கொடுத்த ஓரிரு வாரங்களுக்குள் மேற்கூறிய அறிகுறிகள் தோன்றினால், உடனே மருத்துவமனைக்குச் செல்வதோடு, தடுப்பூசி அட்டையையும் காட்ட வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடமும் தெரிவிக்க வேண்டும். அத்தகவல் அரசின் கண்காணிப்புக்குப் பயன்படும். ஏற்கெனவே குடல் செருகல் ஏற்பட்ட குழந்தைக்கு ரோட்டா வைரஸ் மருந்தின் அடுத்த தவணை கொடுக்கப்படுவதில்லை. ஆகவே அக்குழந்தையின் நோய் விவரத்தைத் தடுப்பூசி போடும் இடத்தில் தவறாமல் கூற வேண்டும். பிற தடுப்பூசிகளை மருத்துவர் ஆலோசனைப்படி தொடரலாம்.

சிகிச்சைக்குப் பின்

குடல் விடுபட்ட பின் குழந்தை சில மணி நேரமாவது கண்காணிப்பில் வைக்கப்படும். முன்பு எல்லாக் குழந்தைகளும் ஓரிரு நாட்கள் மருத்துவமனையில் தங்கவைக்கப்பட்டனர். இப்போது, நலமாக இருந்து பால் குடிக்கும் குழந்தைகளைச் சில மணி நேரக் கண்காணிப்புக்குப் பின் வீட்டுக்கு அனுப்பும் வழக்கமும் உலகின் பல மருத்துவமனைகளில் ஏற்பட்டுள்ளது. மருத்துவமனைக்கு விரைவாகத் திரும்பிவர இயலாத தொலைவில் வசிப்போர் அதனைத் தயங்காமல் மருத்துவரிடம் கூற வேண்டும். அவர்கள் கூடுதலாக ஒரு நாள் தங்குவதே பாதுகாப்பு.

பத்தில் ஏறத்தாழ ஒரு குழந்தைக்குக் குடல் செருகல் மீண்டும் ஏற்படலாம். இது முதல் இரண்டு நாட்களிலும் நேரலாம். மாதங்கள் கழித்தும் நேரலாம். மீண்டும் ஏற்பட்டது என்பதற்காக அறுவை கட்டாயம் என்று பொருளில்லை. பெரும்பாலும் அதே எனிமா முறையே மீண்டும் பலனளிக்கும். பலமுறை ஏற்பட்டால் மறைந்துள்ள காரணம் தேடப்படும். உரிய நேரத்தில் குணமான குழந்தையின் வளர்ச்சியோ செரிமானமோ பிற்காலத்தில் பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை. தாய்ப்பாலையும் வயதுக்கேற்ற உணவையும் மருத்துவர் கூறியபடி தொடரலாம். தனியான பத்தியம் தேவையில்லை.

பெற்றோர் செய்ய வேண்டியவை

• விட்டுவிட்டு வரும் வீறிட்ட அழுகையுடன் வாந்தியோ சோர்வோ இருந்தால், அது இரவாயினும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108 ஆம்புலன்ஸ் சேவையை அழைக்கவும்.
• அழுகை தொடங்கிய நேரத்தையும், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளவும். மருத்துவர் முதலில் கேட்பது இதையே.
• இரத்தமோ சளியோ கலந்த அணையாடை இருந்தால், அதை உடன் எடுத்துச் செல்லவும் அல்லது கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளவும்.
• குழந்தை பித்த நிற வாந்தி எடுத்தால், மருத்துவர் பார்க்கும்வரை வாய்வழியாகப் பாலோ மருந்தோ கொடுக்க வேண்டாம்.
• வயிற்றை நீவுதல், உரம் எடுத்தல், வீட்டில் எனிமா கொடுத்தல் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.
• ‘இது குடல் செருகலாக இருக்குமா? ஸ்கேன் செய்ய வேண்டுமா?’ என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கவும். இவ்வாறு கேட்பது எவரையும் அவமதிப்பதாகாது.
• வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டால், அங்கு குழந்தைகள் அறுவைச் சிகிச்சை மருத்துவர் இருப்பதை முன்கூட்டியே தொலைபேசியில் உறுதிசெய்து தருமாறு கேட்கவும். ஸ்கேன் அறிக்கையையும், கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரத்தையும் பெற்றுக்கொள்ளவும்.
• காப்பீட்டு அட்டை கையில் இல்லை, பணம் இல்லை என்பதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் அவசரச் சிகிச்சை முதலில் அளிக்கப்படும். ஆவணங்களைப் பின்னர் கொடுக்கலாம்.

ஒரே நோய், ஒரே வயதுக் குழந்தைகள்; எனினும் ஒரு குழந்தை எனிமா சிகிச்சையுடன் மறுநாளே வீடு திரும்புகிறது; மற்றொன்று குடலின் ஒரு பகுதியை இழந்து வாரக்கணக்கில் மருத்துவமனையில் தங்க நேர்கிறது. இவ்வேறுபாட்டுக்குப் பல நேரங்களில் காரணமாவது மருத்துவமனையை அடைந்த நேரமே. மருத்துவமனைகளின் வசதியைப் பெருக்குவது அரசின் கடமை. அந்த வசதி பயன்படும் நேரத்துக்குள் குழந்தையைக் கொண்டுசேர்ப்பது குடும்பத்தின் பங்கு.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்காக வழங்கப்படுகின்றன. இவை மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் மாற்றாகா. ஐயம் இருப்பின் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை உடனடியாக அணுகவும்.